ஊர் வீட்டுப் போர்வெல்: சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஏழு வருடம் பார்த்ததில்

புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம் பக்கம் எங்கள் ஊர். அங்கே இருக்கும் வீட்டில் 2018 மே மாதம் போர் போட்டோம். நான் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். ஊரில் அம்மாவும் சித்தப்பா குடும்பமும். ஆள் பிடித்தது, ரேட் பேசியது, பிறகு மோட்டார் மாற்றியது, போரைச் சுத்தம் செய்தது எல்லாமே பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் சந்திக்கும் நண்பர்களில் யாராவது ஊரில் போர் போடப் போகிறேன் என்றால், என்னிடம் கேட்கும் முதல் கேள்வி "அடிக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" என்பதுதான். சொல்கிறேன். ஆனால் அடி ரேட்டில் ஐந்து ரூபாய் குறைத்துப் பேசுவதால் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. போர் போட்ட ராத்திரி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்ததுதான் பின்னால் பணத்தைக் காப்பாற்றியது.

அதை எழுதச் சொன்னவர் இங்கே மண் ஆய்வு வேலையில் இருக்கும் நண்பர். எம்ஆர்டி ரயில் பாதைக்கோ புது அடுக்குமாடி புளோக்குக்கோ அஸ்திவாரம் போடுவதற்கு முன் துளை போட்டு மண்ணும் கல்லும் எடுத்துப் பார்ப்பார்களே, அந்த வேலை. புக்கித் தீமா கிரானைட்டில் ஒரு மாதிரி இறங்கும், கடலோரச் சேற்றில் வேறு மாதிரி இறங்கும். எந்த ஆழத்தில் என்ன வந்தது என்று லாக் எழுதவில்லையென்றால் அந்தத் துளைக்கே மதிப்பில்லை. "ஊர்ல போர் போடுறவங்க எழுத மாட்டாங்க மச்சான். நம்ம ஆளு ஒருத்தர் பக்கத்துல நின்னு எழுதணும்" என்றார். சித்தப்பா மகனிடம் சொன்னேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன், சலிக்காமல் செய்தான்.

இடம் பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் வந்தார். அப்புறம் புதுக்கோட்டையிலிருந்து ஒரு ஜியாலஜிஸ்ட் வந்து, கம்பிகளைத் தரையில் அடித்து மின்தடை அளந்து பார்த்தார். அம்மாவுக்கு ஈசானிய மூலையில்தான் போர் வேண்டும். அந்த மூலைக்குப் பக்கத்திலேயே கழிவறைத் தொட்டி இருக்கிறது. தொட்டிக்கும் போருக்கும் குறைந்தது ஐம்பது அடி இருக்க வேண்டும் என்று ஜியாலஜிஸ்ட் கறாராகச் சொன்னதும் வாஸ்து பின்வாங்கியது. தேங்காய்க்காரரும் ஜியாலஜிஸ்டும் காட்டிய புள்ளிகளுக்கு நடுவே பத்தடிதான் வித்தியாசம். இரண்டு தரப்பும் அதைத் தங்கள் வெற்றியாகச் சொல்லிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் ஜியாலஜிஸ்டுக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை. தண்ணீர் எங்கே என்று சொன்னதற்காக இல்லை, "450 அடிக்கு மேல் போகாதீர்கள், இந்தப் பாறையில் அதற்குக் கீழே தண்ணீர் வரும் வெடிப்பு கிடைப்பது சந்தேகம்" என்று எழுதிக் கொடுத்ததற்காக.

துளை போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர்களிடம் நாம் நேராகப் பேசுவது அபூர்வம். வண்டிகளில் பாதி திருச்செங்கோட்டிலிருந்து வருபவை. நம்மிடம் பேசுவது உள்ளூர் ஏஜென்ட். முதலில் பேசியவர் அடிக்கு எழுபது ரூபாய் என்றார். மேல்மண் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப் எவ்வளவு, 300 அடிக்கு மேல் ரேட் எப்படி ஏறும், டிரைவர் பேட்டா யார் தருவது என்று கேட்டால் "அதெல்லாம் பாத்துக்கலாம்ணே" என்று சிரித்தார். அவரை விட்டுவிட்டோம். இரண்டாவது ஏஜென்ட் 75 ரூபாய் சொன்னார், ஆனால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் 300 அடிக்கு 75, அடுத்த நூறுக்கு 80, அதற்கு மேல் 90. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள கேசிங் அடிக்கு 350. கடைசியில் கம்ப்ரசர் போட்டுச் சுத்தம் செய்து தருவதும் இதில் அடக்கம். எங்கள் பில்லில் கேசிங்குக்கும் ஒரு பெரிய பங்கு உண்டு. அடி ரேட்டைக் குறைத்துச் சொல்பவர்கள் அங்கேதான் எடுத்துவிடுவார்கள்: மெல்லிய பைப்பை இறக்குவார்கள், அல்லது கெட்டிப் பாறை வருமுன்பே கேசிங்கை நிறுத்திவிட்டு முழுசாக இறக்கியதாகச் சொல்வார்கள். கேசிங் பாறைக்குள் ஒன்றிரண்டு அடியாவது உட்கார வேண்டும். இல்லையென்றால் மேல்மண் சரிந்து போர் மூடிக்கொள்ளும்.

கோடையில் போட்டது சித்தப்பாவின் யோசனை. ஐப்பசி கார்த்திகையில் போட்டால் எங்கே குத்தினாலும் தண்ணீர் வரும், அதை நம்பி மோட்டார் இறக்கினால் சித்திரையில் காற்றுதான் வரும். மே மாதத்தில் கிடைக்கும் தண்ணீர்தான் உண்மையான தண்ணீர் என்றார்.

வண்டி ராத்திரி பதினொன்றுக்கு வந்தது. இங்கே மணி ஒன்றரை. ரிக் வண்டிகள் ஒரு வேலை முடிந்த கையோடு அடுத்த ஊருக்கு வருபவை, நேரம் காலம் கிடையாது. வேலை செய்த பையன்கள் எல்லாம் ஒடிசாக்காரர்கள். அம்மா அந்த நேரத்தில் தோசை சுட்டுப் போட்டாராம். வீடியோவில் எனக்குத் தெரிந்தது பாறைத்தூள் புகை மட்டும்தான். தம்பி ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நோட்டிலும் எழுதினான். ராடு என்பது துளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் கம்பி, ஒன்று இருபது அடி. அந்த நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: 45 அடி வரை செம்மண்ணும் சரளையும், 58இல் கெட்டிப் பாறை, கேசிங் 60. 140இல் புகை அடங்கி ஈரம். 210இல் தண்ணீர், அரை இன்ச் (வரும் தண்ணீரின் அளவை ஊரில் இன்ச் கணக்கில்தான் சொல்வார்கள்). 380இல் மறுபடி தண்ணீர், மொத்தம் இரண்டு இன்ச். 420இல் நிறுத்தியது.

420இல் நிறுத்துவதற்கும் ஒரு சண்டை. ஏஜென்ட் "இன்னும் இருநூறு போனா நாலு இன்ச் வரும்" என்றார். வரலாம். ஆனால் அவருக்கு வருமானம் அடிக்கணக்கில், எனக்குத் தேவை ஒரு வீட்டுக்கான தண்ணீர். ஜியாலஜிஸ்டின் தாளைக் காட்டிச் சித்தப்பா நிறுத்தச் சொன்னார்.

பில்லில் 440 அடி என்று இருந்தது. சுவரில் இருபத்தொரு கோடு. ஏஜென்ட் மழுப்பவில்லை, "கயிறு விட்டுப் பாத்துருவோம்" என்று அவரே கல் கட்டிய கயிற்றை இறக்கினார். 420தான். பில்லைத் திருத்திக் கொடுத்தார். போர், கேசிங், ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார், பைப், கேபிள், பேனல் போர்டு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் ஆனது. அன்றைய கணக்கில் 2,000 சிங்கப்பூர் வெள்ளிக்குப் பக்கம்.

அதே வருடம் நவம்பரில் கஜா புயல். எங்கள் ஊர் நேர் வழியில் இல்லை, இருந்தாலும் கரண்ட் போய்விட்டது. கரண்ட் இல்லாத போர் வெறும் ஓட்டை. ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்து மணிக்கணக்குக்கு வாடகை வாங்கித் தொட்டி நிரப்பினார்கள். பழைய கிணற்றின் கப்பியைக் கழற்றி விற்காமல் விட்டதற்கு அம்மா அப்போது சந்தோஷப்பட்டார்.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட போருக்குள் விழுந்தது. இங்கே வேலைக்கு இடையில் எல்லோரும் அந்த நேரலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் கொல்லையிலும் அப்பா காலத்தில் போட்டுத் தண்ணீர் வராத ஒரு போர் உண்டு, மேலே பலகைக்கல் போட்டு மூடியது. கைவிட்ட போரைக் களிமண், மணல், கூழாங்கல் போட்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லியிருக்கிறது. ஏஜென்ட்டைக் கூப்பிட்டால் "ஆள் அனுப்புறேன்" என்பார், யாரும் வர மாட்டார்கள். அதை நிரப்பி மேலே கான்கிரீட் போட்டுக் கொடுத்தவர் பக்கத்து டவுனில் இருக்கும் மோட்டார் மெக்கானிக். அவர் பழக்கமானது அப்படித்தான்.

போர் போடுகிறவரையும் அதைப் பராமரிக்கிறவரையும் ஒரே ஆள் என்று நினைத்துத் தேடாதீர்கள். ரிக் வண்டிக்காரர்களுக்கு நம் வீடு ஒரு ராத்திரி வேலை. இந்த மெக்கானிக்குக்கு எங்கள் தெருவில் மட்டுமே பல வீடுகள் இருக்கின்றன, ஒரு வீட்டில் பெயர் கெட்டால் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

2020இல் கொரோனாவுக்காக இங்கே சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கம், அங்கே லாக்டவுன். மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிட்டது. வேறொருவர் வந்து பார்த்துவிட்டு, "காயில் போயிருச்சு ஆத்தா, புது மோட்டார்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நம் மெக்கானிக் வீடியோவில் பேனலைத் திறந்து காட்டச் சொல்லி, பிறகு வந்து கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினார். சில நூறு ரூபாய். மோட்டார் ஓடியது. அடுத்த கோடையில் உண்மையாகவே காயில் எரிந்தது. வோல்டேஜ் குறைவாக வரும்போது ஓட்டியதுதான் காரணம் என்றார். காயிலைப் புதிதாகச் சுற்றி (ரீவைண்டிங்), கூடவே தண்ணீர் இல்லாவிட்டாலோ வோல்டேஜ் இறங்கினாலோ தானாக நிற்கும்படி பேனலையும் மாற்றினார். குறை சொல்ல வேண்டுமென்றால், அவர் "நாளைக்கு வரேன்" என்றால் அது நாளை மறுநாள். பில்லும் தர மாட்டார். பழைய உதிரிப் பாகத்தை மட்டும் கேட்காமலே கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

நோட்டு வேலைக்கு வந்தது 2023 கோடையில். தண்ணீர் வெகுவாகக் குறைந்து கலங்கலாக வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் 900 அடிக்குப் புதுப் போர் போட்டிருந்தார்கள். அதுதான் நம் தண்ணீரை இழுத்துவிட்டது என்று தெருவே முடிவு செய்தது. ஏஜென்ட் போன் செய்தபோது புதுப் போருக்கு ரேட் சொன்னார், அடிக்கு நூறைத் தாண்டிவிட்டது. மெக்கானிக் மோட்டாரைத் தூக்கிவிட்டுக் கயிறு விட்டார். 365 அடியில் கயிறு தளர்ந்தது. தம்பி நோட்டைப் புரட்டினான். பெரிய தண்ணீர் வந்த இடம் 380. அந்த வெடிப்புக்கு மேல்வரை சேறு நிரம்பி அதை அடைத்திருந்தது, மேலே உள்ள அரை இன்ச் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. கம்ப்ரசர் வண்டியை வரவழைத்து அடைப்பை ஊதி எடுத்தார்கள். கறுப்பாகவும் பிறகு பாலாகவும் வந்து, பொழுது சாயும்போது தெளிந்துவிட்டது. புதுப் போருக்கு ஆகியிருக்கும் செலவில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் மேல் இருந்த கோபமும் போய்விட்டது.

தண்ணீரின் தரம் சுமார். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். மொத்தக் கரைதிடம், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு வகைகள், லிட்டருக்கு 1,150 மில்லிகிராம். இந்தியத் தரநிலை 500 வரை விரும்பத்தக்கது என்கிறது, வேறு தண்ணீர் இல்லையென்றால் 2,000 வரை அனுமதிக்கிறது. ஃபுளோரைடு வரம்புக்குள் இருந்தது, எங்கள் பக்கம் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குளிக்க, துவைக்க, மாட்டுக்கு, செடிக்கு இது. குடிக்க பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர். இங்கே குழாயைத் திறந்து அப்படியே குடித்து வளர்ந்த என் பிள்ளைகள் ஊரில் தலைக்குக் குளித்துவிட்டு, முடி சிக்காகிவிட்டது என்று புலம்புவார்கள். உட்லண்ட்ஸில் கன மீட்டருக்கு ஜிஎஸ்டி இல்லாமலே 3.24 வெள்ளி கொடுக்கிறோம் என்று அம்மாவிடம் சொன்னால், அதற்கு அவர் புலம்புவார்.

இங்கே செங்காங்கில் இருக்கும் நண்பர் அடுத்த மே மாதம் சிவகங்கைப் பக்கம் போர் போடுகிறார். ஏஜென்ட்டின் நம்பர் கேட்டார், கொடுத்தேன். ரேட்டைத் தாளில் எழுதி வாங்கினால் அவர் நாணயமாக நடந்துகொள்வார். மோட்டார் இறக்குவதற்கு மட்டும் அந்த ஊரிலேயே ஒருவரை இப்போதே பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நோட்டின் படத்தையும் அனுப்பிவிட்டேன். அவருடைய மைத்துனர் அதே மாதிரி கட்டம் போட்டு வைத்திருக்கிறாராம், ராத்திரி விழித்திருப்பாரா என்பதுதான் சந்தேகம்.