குழித்துறையில் ஒரு பல் மருத்துவமனை: கேப்பும் பல்செட்டும் பொறுமையாகப் பொருத்தும் இடம்

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரும் தேசிய நெடுஞ்சாலையில், குழித்துறைக்குச் சற்று முன்பாக மாடியில் இயங்கும் இந்த மருத்துவமனையில், எனக்கு ஒரு கேப்பும் (பல்லின் மேல் மாட்டும் உறை) அம்மாவுக்குக் கழற்றி மாட்டும் மேல் பல்செட்டும் வைத்துக்கொண்டோம். கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மருத்துவர் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோலப் பேசுகிறார். கேப் என்றதும் எந்தப் பொருள், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றுதான் பலரும் விசாரிக்கிறோம். ஆனால், கேப்பைச் செய்துதரும் லேபிலிருந்து வந்ததை வாயில் வைத்துப் பார்த்து, வேண்டிய இடத்தில் மட்டும் தேய்த்து, மெருகேற்றிய பிறகே ஒட்டுகிறார்களா என்பதில்தான் கேப்பின் ஆயுளும் நம் நிம்மதியும் இருக்கின்றன. அந்த வேலையை இங்கே மிகவும் பொறுப்போடு செய்கிறார்கள்.

எனக்கு வேர் சிகிச்சை முடிந்த கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஜிர்கோனியா என்ற பீங்கான் வகையில் செய்த கேப். முதலில் வைத்தபோது அது முழுவதுமாக இறங்கவில்லை. இறங்காத கேப்பை உட்புறம் குடைந்து தளர்த்திவிடுவது சுலபம். ஆனால் அது பெரும்பாலும் பக்கத்துப் பல்லைத் தொடும் இடத்தில்தான் சிக்கி நிற்கும் என்பதால், மருத்துவர் மெல்லிய வண்ணத் தாளை இடையில் வைத்து, கறை விழுந்த புள்ளியை மட்டும் ரப்பர் சக்கரத்தால் லேசாகத் தேய்த்தார். பல் இடுக்கு நூல் சிறு தடையோடு 'டக்'கென்று இறங்க வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிப் போனால் அங்கே சோறும் இறைச்சி நாரும் போய்ச் சிக்கும், கிழிந்தால் இன்னும் இறுக்கம் இருக்கிறது என்று பொருள். அதன்பிறகுதான் ஊசிமுனைக் கருவியால் ஓரத்தைச் சுற்றித் தடவி, கேப்புக்கும் பல்லுக்கும் இடையே படிபோல விளிம்பு தட்டுகிறதா என்று பார்த்தார்.

கடிக்கும் அளவைச் சரிபார்த்ததைத்தான் நான் மிகவும் கவனித்தேன். நாற்காலியை நிமிர்த்தி உட்காரவைத்து, பற்களை நன்றாக உலர்த்திவிட்டு, 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார். ஈரத்தில் தாள் சரியாகப் பதியாது. சாய்ந்து படுத்திருந்தால் கீழ்த்தாடை பின்னால் போய்விடும். கையிலிருந்த கண்ணாடியில் எனக்கே காட்டினார்: கேப்பின் ஒரு முகட்டில், நடுவில் வெளுப்பும் சுற்றிலும் நீலமுமாக ஒரு சிறு வளையம் விழுந்திருந்தது. அழுத்தம் அதிகமான இடம் அப்படித்தான் பதியும் என்று விளக்கி, நீர் பீய்ச்சியபடியே நுண்ணிய வைரப் பர்ரால் (சுழன்று தேய்க்கும் முனை) அந்த வளையத்தை மட்டும் தொட்டெடுத்தார். தாடையைப் பக்கவாட்டில் அசைக்கச் சொல்லி வேறு நிறத் தாளில் மீண்டும் பார்த்தார். கடைசியில் 8 மைக்ரான் தடிமனுள்ள மின்னும் படலத்தைக் கடிக்கவைத்து இழுத்தபோது, பக்கத்துப் பற்கள் பிடித்த அதே அளவுக்குக் கேப்பும் பிடித்தது.

தேய்த்த இடத்துக்கு அவர் மெருகேற்றிய விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சொரசொரப்பாக விடப்பட்ட ஜிர்கோனியா எதிர்ப் பல்லின் எனாமலை அரைத்துத் தின்றுவிடும். நன்றாக மெருகேற்றியது அப்படிச் செய்யாது. முன்பு வேறோர் ஊரில் வைத்த கேப்பைத் தேய்த்த கையோடு அனுப்பிவிட்டார்கள்; அந்தப் பக்கத்து மேற்பல் கூச்சம் எனக்கு இன்றும் தீரவில்லை. இங்கே வைரத்துகள் கலந்த ரப்பர் முனைகளைப் படிப்படியாக மாற்றி, நாக்கால் தடவிப் பார்த்து நான் சரி என்ற பிறகே சிமெண்ட்டைக் கலந்தார்கள். ஒட்டியபின் ஈறோரம் வழிந்த மிச்சத்தை, அது முழுவதும் இறுகும் முன்பே நூலால் இழுத்து எடுத்தார்கள். அது தங்கினால் ஈறு வீங்கிக்கொண்டே இருக்கும்.

அம்மாவின் பல்செட்டுக்கு அளவெடுத்ததிலோ வடிவத்திலோ குறை ஒன்றும் இல்லை. ஆனால் புதிய செட் எதுவும் முதல் நாளிலேயே முழுமையாகப் பொருந்தாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். மறுநாள் பரிசோதனைக்குப் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நேற்று சாப்பிடும்போதும் செட்டைப் போட்டிருந்தியளாம்மா?" என்பதுதான். வலிக்கிறது என்று கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனால் புண்பட்ட இடம் மருத்துவருக்குத் தெரியாது. மேலுதட்டின் உட்புறத்தை ஈறோடு இணைக்கும் சதையருகே சிவந்திருந்த இடத்தில் வண்ணம் தொட்டுவைத்து, செட்டைப் போட்டெடுத்தார். வண்ணம் அப்படியே செட்டின் ஓரத்தில் பதிந்தது. செட்டின் உட்புறத்துக்கு வெள்ளைப் பசையைப் பிரஷ்ஷால் பூசி அழுத்திப் பார்த்தார். பசை விலகிச் செட்டின் பிங்க் நிறம் தெரிந்த இடங்களே அழுத்தும் இடங்கள். அவற்றை மட்டும் அக்ரிலிக் பர்ரால் குறைத்து, பியூமிஸ் கல்பொடி போட்டுப் பளபளப்பாக்கித் தந்தார். தேவைக்கு மேல் ஓரத்தை வெட்டினால் செட் பிடிப்பை இழந்து ஆடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகவே தேய்த்தார். வீட்டில் அரத்தால் தேய்ப்பதும், உடைந்தால் உடனடிப் பசையால் ஒட்டுவதும் கூடவே கூடாது. கோணலாக ஒட்டிய செட்டை லேபிலும் திருத்துவது கடினம். கொதிநீரில் போட்டாலும் செட் வளைந்துவிடும். இரவில் கழற்றிச் சாதாரண நீரில் போட்டுவைத்தால் போதும். அம்மா இப்போது மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீனும் சிரமமில்லாமல் சாப்பிடுகிறார். நேந்திரங்காய் வற்றலுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

குறைகளும் உண்டு. கேப்புக்கு 8,000 ரூபாய் வாங்கினார்கள். அந்தத் தொகை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை என்றாலும், லேப் தரும் உத்தரவாத அட்டையை நானாகக் கேட்ட பிறகே கொடுத்தார்கள். சனிக்கிழமை மாலைகளில், நேரம் குறித்துக்கொண்டு போனாலும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். லிஃப்ட் இல்லை, படியும் செங்குத்தானது. மூட்டுவலி உள்ள முதியவர்களை அழைத்து வருவோர் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டால், உதவியாளர் கீழே வந்து கைபிடித்து ஏற்றிச் செல்கிறார்.