முன்பே சோதிப்பதா, புகார் வந்தபின் நீக்குவதா?

சேலம் அஸ்தம்பட்டியில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து, படம், பாட்டு இயக்கும் ‘கோடி’ (Kodi) ஊடக மென்பொருளின் தமிழ்த் துணைநிரல்களுக்கு, அதாவது அதில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்களுக்கு, ஒரு களஞ்சியம் அமைக்கிறோம்; பயனர்கள் அவற்றை அங்கிருந்து இறக்கிக்கொள்ளலாம். விதி எழுத உட்கார்ந்ததும் இரண்டு வழிகள் எதிரே நின்றன.

யார் அனுப்பினாலும் உடனே சேர்த்து, புகார் வந்தால் நீக்குவது ஒன்று. வேகமானது, புதியவர்களுக்கு உற்சாகம் தரும். ஆனால் துணைநிரல் பெரும்பாலும் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல். அது தனிக் கூண்டில் அடைபட்டு ஓடுவதில்லை; கோடிக்கு உள்ள உரிமைகள் அதற்கும் உண்டு. புதுப்பிப்புகளும் வழக்கமாகத் தாமாகவே இறங்கிவிடும். ஒரு தீய வரி நுழைந்தால், ஏற்காட்டில் இருக்கும் என் அத்தை வீட்டுத் தொலைக்காட்சிவரை போய்ச் சேரும். எங்கே புகார் சொல்வது என்றுகூட அவருக்குத் தெரியாது.

படித்துப் பார்த்த பிறகே சேர்ப்பது மற்றொன்று. கோடியின் அதிகாரபூர்வக் களஞ்சியம் இப்படித்தான் இயங்குகிறது. திருட்டுப் படங்களுக்கு அங்கே இடமில்லை. தாமதம் ஆகும்தான்; ஆனால் பலனும் உண்டு. 2021இல் கோடியின் பதிப்பு 19, பைத்தான் மொழியின் 3ஆம் பதிப்புக்கு மாறியபோது, மாற்றி எழுதப்படாத பழைய துணைநிரல்கள் ஓடாமல் நின்றன. நிரலைப் படிக்க ஆள் இருக்கும் இடத்தில் இதுவும் முன்கூட்டியே கண்ணில் படும்.

நான் இரண்டாவதையே கேட்கிறேன். புதுப்பிப்புகளையும் விடாமல் படிக்க வேண்டும். அனுப்பியவருக்கு ஒரு வாரத்திற்குள் பதில் தர வேண்டும்.