ஆபீஸ் நடைப்பயிற்சித் திட்டம்: பணம், குழு, போட்டி, வேலை நேரம் – எது ஆளைத் தக்கவைக்கிறது?

ஜனவரி வந்தால் ஆபீஸில் தினம் இத்தனை காலடி நடக்க வேண்டும் என்கிற ஸ்டெப் சேலஞ்சும் வந்துவிடும். முதல் வாரம் பாதிப் பேர் பெயர் கொடுப்பார்கள். மூன்றாவது வாரம் வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டுக்கொண்டிருப்பது ஐந்தாறு பேர்தான். அவர்களும் சேலஞ்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடிகாலையில் ஓடுகிறவர்கள். அப்புறம் எச்.ஆர். கூட்டத்தில் நான்கு யோசனைகள் எழும்: பரிசுத் தொகையைக் கூட்டலாம், குழுவாகப் பிரிக்கலாம், போட்டி வைக்கலாம், வேலை நேரத்திலேயே நடத்தலாம். முதல் மூன்றையும் அமெரிக்காவில் ஊழியர்களை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பணத்திலிருந்து தொடங்கலாம், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். இல்லினாய் பல்கலைக்கழகம் 2016இல் தன் ஊழியர்களுக்கு ஒரு நலத்திட்டம் தொடங்கியது. உடல் பரிசோதனைக்கு வருகிறவர்களில் சிலருக்குப் பணம் கிடையாது, சிலருக்கு 100 டாலர், சிலருக்கு 200 டாலர். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பணம் கிடையாது என்ற பிரிவில் சுமார் 47 சதவீதம் பேர் வந்தார்கள். 100 டாலருக்கு அது 59 ஆனது. 200 டாலருக்கு 63தான். முதல் நூறு 12 புள்ளிகளைக் கூட்டியது, இரண்டாவது நூறு நான்கை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, வந்தவர்கள் யார் என்பது. திட்டம் தொடங்கும் முன்பே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள்தான் அதிகம் வந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, திட்டத்தால் மருத்துவச் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. நடக்கிறவனுக்கே நடைக்கூலி கொடுத்தது போலாயிற்று.

எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட எப்படிக் கொடுக்கிறோம் என்பது முக்கியம் என்று காட்டியது பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் சோதனை. 2016இல் வெளியானது. உடல் எடை கூடிய 281 ஊழியர்கள், தினம் 7,000 காலடி, 13 வாரம். பணமே இல்லாத பிரிவினர் 30 சதவீத நாட்களில் இலக்கைத் தொட்டார்கள். இலக்கைத் தொட்ட நாளுக்கு 1.40 டாலர் என்றபோது 35, குலுக்கல் பரிசு என்றபோது 36. ஆனால் மாதத் தொடக்கத்திலேயே 42 டாலரைக் கணக்கில் வைத்துவிட்டு, தவறிய நாளுக்கு 1.40 கழித்தபோது 45. கையில் இருப்பது போவது அவ்வளவு உறுத்துகிறது. இதை நம் ஊரில் அப்படியே செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். சம்பளச் சீட்டில் இருக்கிற பிடித்தம் போதாதா என்று முதல் நாளே கேட்பார்கள். தவிர, பணம் நின்ற பிறகு எந்த முறைக்கும் மேல்கை இல்லை. நான்கு பிரிவும் ஒன்றுபோல ஆகிவிட்டன.

சரி, குழு? ‘டீம் ஸ்பிரிட்’ என்று மேலாளர்கள் சொல்வது இங்கேதான் அடிவாங்குகிறது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு நிறுவனத்தின் 304 ஊழியர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்தார்கள். இதிலும் 7,000 அடிதான். தன் இலக்கை எட்டினால் தனக்குப் பரிசு என்ற பிரிவு 25 சதவீத நாட்களில் எட்டியது. நான்கு பேரும் எட்டினால்தான் யாருக்கும் பரிசு என்ற பிரிவு 17. பரிசே இல்லாத பிரிவு 18! ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு நைட் ஷிப்ட் என்றால் மற்ற இருவர் எதற்கு நடக்க வேண்டும்? முயற்சி கைவிட்டுப் போவதோடு, மதியச் சாப்பாட்டு மேசையில் மனக்கசப்பும் சேரும்.

நான்காவது பிரிவில் இரண்டையும் கலந்தார்கள். குலுக்கலில் தேர்வானால், நீ எட்டியதற்கு 20 டாலர், குழுவில் எட்டிய மற்ற ஒவ்வொருவருக்காகவும் உனக்குக் கூடுதலாக 10. இதில் 35 சதவீதம். தன் உழைப்பு வீணாகாது, பக்கத்து இருக்கைக்காரரை இழுத்துக்கொண்டு போகவும் ஒரு காரணம் இருக்கிறது. கூட்டுப் பரிசு வைக்க நினைக்கிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

போட்டிதான் எனக்கு ஆச்சரியம் தந்தது. டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனத்தின் ஊழியர்கள் 602 பேர், 24 வாரம். முடிவுகள் 2019இல் வெளிவந்தன. ஊக்கம் பணத்தால் அல்ல, புள்ளிகளால். திங்களன்று 70 புள்ளிகள் கையில் இருக்கும், இலக்கு தவறிய நாளுக்கு 10 போகும், அடுத்த திங்கள் மறுபடி 70. ஒரு பிரிவில் குடும்பத்தினரோ நண்பரோ துணையாக இருந்தார். இன்னொன்றில் மூவர் ஒரே அணி. மூன்றாவதில் மூவர் தங்களுக்குள் போட்டி. வெறுமனே அடி எண்ணும் கருவி மட்டும் வைத்திருந்தவர்களைவிடத் துணைப் பிரிவு தினம் 689 அடி கூடுதலாக நடந்தது, அணிப் பிரிவு 637, போட்டிப் பிரிவு 920. ஆட்டம் முடிந்து 12 வாரம் கவனித்தபோது, போட்டிப் பிரிவில் மட்டும்தான் குறிப்பிடத்தக்க வித்தியாசம் மிஞ்சியது, 569 அடி.

இதைப் படித்துவிட்டு 500 பேர் பட்டியலை லிப்ட் பக்கத்தில் ஒட்டிவிடாதீர்கள். அங்கே போட்டி மூன்று பேருக்குள். மூன்றாவதாக இருப்பவருக்கு இரண்டாவது இடம் எட்டும் தூரம். 500இல் 430ஆவதாக இருக்கிறவர் பட்டியலை ஒருமுறை பார்ப்பார், பிறகு அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். வாராவாரம் கணக்கு புதிதாகத் தொடங்குவதும் சின்ன விஷயமில்லை. ஒரு கல்யாண வாரம் போனாலும் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதில்லை.

நான்காவது வழி ஜப்பானிலிருந்து. வானொலி உடற்பயிற்சி அங்கே 1928இல் தொடங்கியது. சுமார் மூன்று நிமிடம், பியானோ இசையோடு. பல தொழிற்சாலைகளிலும் கட்டுமான இடங்களிலும் காலையில் எல்லோரும் சேர்ந்து செய்கிறார்கள். பரிசு இல்லை, பட்டியல் இல்லை, பெயர் கொடுக்கிற வேலையும் இல்லை. பெரிய உடற்பயிற்சி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் மற்ற மூன்று வழியிலும் வராதவர் இதில் வருவார். விடிகாலையில் கம்பெனி பஸ் பிடித்து, இரவு வீட்டுக்குப் போய்ச் சமைக்கிற பெண்ணிடம் ‘வேலைக்குப் பிறகு நடங்கள், கூப்பன் தருகிறோம்’ என்பது பரிசல்ல, இன்னொரு ஷிப்ட். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறவர்களுக்கு 7,000 அடி இலக்கு கிண்டலாகவே கேட்கும். அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

மேசை வேலை நடக்கும் ஆபீஸ் என்றால், மூவர் போட்டியையும் திங்கள்தோறும் புதுக் கணக்கையும் எடுத்துக்கொள்வேன். கூட்டுப் பரிசு கட்டாயம் வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால், 20க்கு 10 என்ற கலப்பு. பரிசைச் சிறிதாகவே வைப்பேன். தொகை பெரிதானால் போனை ஆட்டியே 7,000 சேர்க்கிற வித்தை தொடங்கிவிடும். ஷிப்ட் முறையில் ஓடும் ஆலை என்றால் பரிசு யோசனையையே விட்டுவிடலாம். அந்தப் பணத்தில் ஷிப்டுக்குள் பதினைந்து நிமிடம் ஒதுக்கட்டும், மேற்பார்வையாளரும் வந்து வரிசையில் நிற்கட்டும்.