7×50 கடல் பைனாகுலர்: அளவுகோட்டுக்குக் காசு கொடுக்கலாம், காம்பஸுக்கு வேண்டாம்

ஆராய்ச்சிக் கப்பலில் திமிங்கலம், ஓங்கில் (டால்பின்), கடற்பறவைக் கணக்கெடுப்புக்குப் போவது என் வேலை. சொந்த ஊர் காட்பாடி. "கடலே இல்லாத ஊருக்கு இது எதுக்கு சார்?" என்று கூரியர் தம்பியே கேட்டுவிட்டார். ரூ.17,500 கொடுத்து ஆன்லைனில் வாங்கி, கடலில் நன்றாக அடிபட்ட பிறகு இதை எழுதுகிறேன்.

10 மடங்கு, 12 மடங்கு என்று விற்பவர்கள் ஆசை காட்டுவார்கள். ஆடுகிற டெக்கில் உருவம் பெரிதாகத் தெரிந்தால் ஆட்டமும் பெரிதாகத்தான் தெரியும். 7 போதும். 50 மி.மீ. லென்ஸ் என்பதால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் சுமார் 7 மி.மீ.; கப்பல் பக்கவாட்டில் ஆடினாலும் காட்சி சட்டென்று கறுத்துப்போவதில்லை. விடியற்காலை மங்கலில்கூட முதுகுத்துடுப்பு தெரிகிறது.

உண்மையான சரக்கு உள்ளே தெரியும் அளவுகோடுகள்தான். மேல் கோட்டைத் தொடுவானத்தில் பொருத்தி, திமிங்கலம் எத்தனை கோடு கீழே இருக்கிறது என்று படிக்க வேண்டும். இதில் ஒரு கோட்டுக்கு 5 மில்லிரேடியன் (கோணத்தின் சின்ன அலகு). நம் கண் நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஒரு கோடு கீழே என்பது ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். இரண்டு கோடு என்றால் 850 மீட்டர். பறவைகளை எண்ண நாங்கள் வைக்கும் 300 மீட்டர் எல்லை ஆறாவது கோட்டையும் சற்றுத் தாண்டிக் கீழே வரும். தூரமும், கப்பல் போகும் திசையிலிருந்து விலங்கு இருக்கும் கோணமும் கிடைத்தால்தான் கப்பலின் பாதையிலிருந்து விலங்கு எவ்வளவு தள்ளி இருந்தது என்று தெரியும். எண்ணிக்கை மதிப்பீடே அதை வைத்துத்தான். வேலூரில் இதைச் சோதித்துப் பார்க்க நினைக்காதீர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, தொடுவானத்துக்கு எங்கே போவது?

பைனாகுலருக்குள்ளேயே இருக்கும் காம்பஸ் தண்டம். சுற்றிலும் இரும்பு; டெக்கில் நாலடி தள்ளி நின்றாலே வேறு எண் காட்டுகிறது. கோணத்துக்குக் கைப்பிடிச் சுவரில் பொருத்திய கோணப் பலகையைத்தான் நம்புகிறோம். காம்பஸ் இல்லாமல் கோடு மட்டும் உள்ள மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

எடை ஒரு கிலோவுக்கு மேல். அலையை உரசிக்கொண்டு பறக்கும் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையைத் துரத்த இது சோம்பேறி. அதற்கு 8×42 தனியாக வைத்திருக்கிறேன். ஆலாப் பறவைகளுக்குப் பரவாயில்லை. கடலில் வெள்ளை நுரை எழும்பிவிட்டால் எதை வைத்துப் பார்த்தாலும் சின்ன ஓங்கில்கள் தப்பிவிடும், அதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது.

கண் ரப்பர் சீக்கிரமே கழன்றது. விற்றவர்கள் "உப்புத் தண்ணீருக்கு வாரண்டி இல்லை" என்றார்கள். கடல் பைனாகுலருக்கு! கழுத்துப் பட்டையும் நைந்துபோக, ஆம்பூரில் தோல் வேலை செய்யும் ஒருவரிடம் நல்ல தோல் பட்டை கேட்டேன். "உப்புக்காத்துல தோல் வெறச்சிடும், நைலான் போட்டுக்கோங்க" என்று தன் வியாபாரத்தையே விட்டுக்கொடுத்து, அகலமான நைலான் நாடாவில் இரட்டைத் தையல் போட்டுத் தந்தார். பைனாகுலருக்கு மூன்றரை நட்சத்திரம். பட்டைக்கு ஐந்து.