பிஎச்பியின் பழைய கன்ஸ்ட்ரக்டர்கள்: முழுவதும் மாற்றுவதா, பாலம் போட்டு வைப்பதா?

வலைத்தளங்களுக்கான நிரல்மொழியான பிஎச்பியின் 4ஆம் பதிப்புக் காலத்தில் எழுதப்பட்ட ஒரு பில்லிங் நிரலை 7.4இலிருந்து 8க்குக் கொண்டுபோகும் வேலை என்னிடம் வந்தது. அதிலிருந்த கிளாஸ்களில் (தரவையும் அதைக் கையாளும் மெத்தட்கள் எனும் செயல்களையும் சேர்த்த வார்ப்புகள்) பெரும்பாலானவற்றுக்குக் கிளாஸின் பெயரே கன்ஸ்ட்ரக்டரின் (புதிய பொருளை உருவாக்கும்போது தானே ஓடும் மெத்தட்) பெயராகவும் இருந்தது. அவற்றை எல்லாம் __கன்ஸ்ட்ரக்ட் என்ற புதிய பொதுப் பெயருக்கு ஒரேயடியாக மாற்றிவிடுவது ஒரு வழி. __கன்ஸ்ட்ரக்டை எழுதிவிட்டு, பழைய பெயரிலும் ஒரு மெத்தடை விட்டுவைத்து, அது புதியதை அழைக்கும்படி பாலம் போடுவது மற்றொரு வழி. நான் பாலத்தில் தொடங்கிப் பாதியில் முழு மாற்றத்துக்குத் திரும்பினேன். இன்று யார் கேட்டாலும் முழு மாற்றத்தையே சொல்வேன். 7.4இலேயே தங்கிவிடலாம் என்பது ஒரு வழியே அல்ல. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன.

__கன்ஸ்ட்ரக்ட் 2004இல் பிஎச்பி 5உடன் வந்தது. 2015இல் 7.0 பழைய பாணிக்கு எச்சரிக்கை கொடுத்தது; 2020 நவம்பரில் வந்த 8.0 அதை நீக்கியது. ஆனால் அந்த நீக்கம் பிழைச் செய்தி எதுவும் தராது. இன்வாய்ஸ் என்ற கிளாஸில் இன்வாய்ஸ் என்ற மெத்தட் இருந்தால், 8இல் அது வெறும் மெத்தட்தான். பில் எண்ணைக் கொடுத்துப் புதிய இன்வாய்ஸை உருவாக்கினால், அந்த எண் கேட்பாரின்றிப் போகும். நிரல் தொடர்ந்து ஓடும். அச்சான பில்லில் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். எங்கள் சோதனைச் சர்வரில் அந்தக் காலி இடத்தைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையின் கனம் எனக்குப் புரிந்தது.

இரண்டு வழிகளுமே இந்தக் கோளாறைத் தீர்க்கும். வேறுபாடு பராமரிப்பில்தான் இருக்கிறது. பாலம் இருக்கும்வரை, இன்வாய்ஸை நீட்டித்துப் பிறந்த கிளாஸ்கள் தாய்க் கிளாஸின் மெத்தடைப் பேரன்ட்::இன்வாய்ஸ் என்றே அழைத்துக்கொண்டிருக்கும். அவற்றைத் திருத்த எவருக்கும் அவசரம் வராது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பாலத்துக்குள் நான் திஸ் (அப்போது உருவாகும் பொருளைக் குறிக்கும் சொல்) வழியாக __கன்ஸ்ட்ரக்டை அழைத்திருந்தேன். இன்வாய்ஸிலிருந்து பிறந்த ஒரு கிளாஸுக்கும் __கன்ஸ்ட்ரக்ட் வந்துவிட்ட பிறகு, அதற்குள் பழைய பேரன்ட்::இன்வாய்ஸ் அழைப்பு அப்படியே இருந்ததால், பாலம் தாயின் கன்ஸ்ட்ரக்டருக்குப் போகாமல் பிள்ளையின் கன்ஸ்ட்ரக்டரையே திரும்ப அழைத்தது. அது மறுபடியும் பாலத்துக்கு வந்தது. நினைவகம் தீரும்வரை இந்தச் சுழற்சி நிற்கவில்லை. திஸ் இருந்த இடத்தில் செல்ஃப் (அந்த மெத்தட் எழுதப்பட்ட கிளாஸையே குறிக்கும் சொல்) என்று எழுதினால் இது தீரும். ஆனால் ஒவ்வொரு பாலத்திலும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டிய வடிவத்தைப் பின்னால் வருபவரிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

பாலம் சரியான இடமும் உண்டு. வலைத்தளங்களை அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2015இல் தன் 4.3 பதிப்பில், பக்கத்தில் வைக்கும் சிறு பகுதிகளுக்கான விட்ஜெட் கிளாஸின் பழைய கன்ஸ்ட்ரக்டரை எச்சரிக்கையுடன் விட்டுவைத்தது. அந்தக் கிளாஸை நீட்டித்து எழுதப்பட்ட பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) எல்லாம் பிறர் கையில் இருந்ததால் அதற்கு வேறு வழியில்லை. பலரும் நீட்டித்துப் பயன்படுத்தும் நூலகம் எதையும் நான் வெளியிட்டதில்லை என்பதால், அந்த இடத்தில் பாலத்தை எப்போது எடுக்க வேண்டும் என்பதில் என் சொல்லுக்குப் பெரிய எடை இல்லை. முழு நிரலும் உங்கள் கையிலேயே இருந்தால் அந்தக் கட்டாயம் உங்களுக்கு இல்லை.

முழு மாற்றத்துக்கு வரிசை முக்கியம்: 7.4 கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். பிஎச்பி கட்டளையின் லின்ட் சோதனை (நிரலை ஓட்டாமலே பிழை தேடுவது), எச்சரிக்கைகளைக் காட்டும் அமைப்பில், 7.4இல் பழைய கன்ஸ்ட்ரக்டர் உள்ள ஒவ்வொரு கோப்பையும் காட்டிக்கொடுக்கும். 8இல் அந்த எச்சரிக்கையே கிடையாது. 7.4இல் பேரன்ட்::__கன்ஸ்ட்ரக்ட் என்ற அழைப்பு, தாய்க் கிளாஸில் பழைய பெயர் இருந்தாலும் சரியாகப் போய்ச் சேரும். எனவே பிள்ளைக் கிளாஸ்களில் உள்ள அழைப்புகளை முதலில் திருத்திவிட்டுத் தாய்க்கு வருவது நல்லது. இந்த அழைப்புகளை லின்ட் காட்டாது. நிரலைத் தானாகத் திருத்தும் ரெக்டர் கருவியில் பழைய கன்ஸ்ட்ரக்டர்களை மாற்றவென்றே ஒரு விதி இருக்கிறது. அதை ஓட்டிய பிறகும், பேரன்ட்:: என்று வரும் ஒவ்வொரு வரியையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.