செட்டிங்ஸ் பக்கத்தைக் காட்டி மானிட்டர் விற்கிறார்கள், உஷார்

பழைய கம்ப்யூட்டரை மானிட்டரோடு சேர்த்து செட்டாக வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் ஏமாந்துவிட்டேன். கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாமல் ஏமாந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நாள் முழுக்க இதோடு மல்லுக்கட்டுகிறவன், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஏமாந்தேன். விற்றவர் யார் என்று எழுதப் போவதில்லை. வேலை எப்படி நடந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

விளம்பரத்தில் 27 இன்ச் மானிட்டர், 2560×1440 பிக்சல், 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 100 படம்) என்று போட்டிருந்தார். நேரில் போனேன். கம்ப்யூட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து, "பாருங்க சார், 1440" என்று விரலால் தொட்டே காட்டினார். என் லேப்டாப்பை ஒருமுறை இணைத்துப் பார்க்கிறேன் என்றதற்கு, "அடிக்கடி கழட்டி மாட்டினா கனெக்டர் லூஸ் ஆயிடும் சார்" என்றார். பொருள் மீது எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். மானிட்டரின் பின்பக்கம் மாடல் நம்பர் ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் பசை மட்டும் இருந்தது. அதையும் பார்த்தேன், பேசாமல் விட்டுவிட்டேன். வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்து வந்துவிட்டேன்.

வீட்டில் முதல் நாளே எழுத்து உறுத்தியது. ஆங்கிலத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை, தமிழில் நன்றாகவே தெரிந்தது. மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் ஒரே மாதிரி தெரிந்தன. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், எழுத்தின் அளவைக் கூட்டிப் பார்த்தேன். அப்புறம் இன்னொன்றும் ஆரம்பித்தது. ஓடி அரை மணி நேரம் ஆனால் திரை ஒரு விநாடி கறுத்து, மீண்டும் வரும். கேபிளை மாற்றினேன். அப்போதும் கறுத்தது.

இரண்டாம் நாள் அதே செட்டிங்ஸ் பக்கத்தில் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'யைத் திறந்தேன். அங்கே இரண்டு வரிகள் இருக்கும். 'டெஸ்க்டாப் மோட்' என்ற வரியில் 2560×1440. அதற்குக் கீழே 'ஆக்டிவ் சிக்னல் மோட்' என்ற வரியில் 1920×1080. மேல் வரி விண்டோஸ் தனக்குள் எந்த அளவில் படம் வரைகிறது என்பது. கேபிள் வழியாக மானிட்டருக்கு எது போகிறது என்பது கீழ் வரி. அவர் விரலால் தொட்டுக் காட்டியது மேல் எண்ணை. கீழ் வரி இருக்கும் பக்கத்தை அவர் திறக்கவே இல்லை, நானும் திறக்கச் சொல்லவில்லை.

இது எப்படிச் சாத்தியம் என்றால், திரைக்குப் படம் தயாரிக்கும் கிராபிக்ஸ் கார்டிலேயே அதற்கு வசதி இருக்கிறது. என்விடியா இதை டிஎஸ்ஆர் என்கிறது, ஏஎம்டி விஎஸ்ஆர் என்கிறது. படத்தைப் பெரிய அளவில் வரைந்து, பிறகு மானிட்டரின் அளவுக்குச் சுருக்கி அனுப்பும். கேம் விளையாடுகிறவர்களுக்காக வந்த நல்ல வசதிதான். விளிம்புகள் மழுங்கி அழகாகத் தெரியும். ஆனால் ஒரு ஆவணத்தில் உள்ள சுழி எழுத்தை 1440-இல் வரைந்து 1080-க்குள் அழுத்தினால் சுழி எங்கே மிஞ்சும்?

சரி, 1440 பொய். 100 ஹெர்ட்ஸாவது உண்மையா? கீழ் வரியிலும் 100 என்றே இருந்தது. மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்தால் அதுவும் 1920×1080, 100 என்றது. மானிட்டரே சொல்கிறதே என்று ஒரு நாள் சமாதானமாக இருந்தேன். அங்கேயும் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த மெனு காட்டுவது வந்து சேர்ந்த சிக்னலை. வந்ததையெல்லாம் பேனல், அதாவது உள்ளே படத்தைக் காட்டும் பலகை, திரையில் போடுகிறதா என்பது வேறு விஷயம்.

என் லேப்டாப்பை இணைத்தேன். அதிகபட்சம் 1920×1080, 60 ஹெர்ட்ஸ் என்று நின்றுவிட்டது. அவருக்குப் போன் செய்தேன். "உங்க லேப்டாப் சப்போர்ட் பண்ணாது சார், அதான்" என்றார். இதே லேப்டாப், இதே எச்டிஎம்ஐ போர்ட்டில், வேலை செய்யும் இடத்தில் உள்ள வேறொரு மானிட்டரை 144-இல் ஓட்டுகிறது. அதைச் சொன்னதும், "அப்போ டிரைவர் போடணும், அனுப்புறேன்" என்றார். அந்த டிரைவருக்கு அப்புறம் வருகிறேன்.

ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஈடிஐடி என்று ஒரு சின்னத் தகவல் பொட்டலம் இருக்கிறது. அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். கேபிளைச் சொருகியதும் கம்ப்யூட்டர் அதைப் படித்துத்தான் இந்த மானிட்டரால் என்ன முடியும் என்று தெரிந்துகொள்கிறது. என் லேப்டாப்பில் லினக்ஸ் இருந்ததால் அந்தப் பொட்டலத்தை அப்படியே பிரித்துப் பார்க்க முடிந்தது. மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தது இது: 56 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை, பிக்சல் கிளாக் (விநாடிக்கு வாங்கக்கூடிய பிக்சல்) அதிகபட்சம் 170 மெகாஹெர்ட்ஸ், அதாவது 17 கோடி. அந்த 75 கூடச் சின்ன ரெசல்யூஷன்களுக்குத்தான், 1920×1080-க்கு அது சொன்னது 60 மட்டுமே. தயாரித்த வருஷமும் அதிலேயே இருக்கும், 1990-இலிருந்து எத்தனை வருஷம் என்று ஒரு பைட்டில். இதில் 24. அதாவது 2014. ஒன்றரை வருஷமாம்!

அந்த 170 ஏன் முக்கியம் என்று கணக்குப் போட்டால் திரை கறுத்ததற்கும் காரணம் கிடைத்துவிடும். திரையில் தெரியும் 1920×1080 பிக்சல்கள் மட்டும் கேபிளில் போவதில்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் ஒவ்வொரு படத்தின் முடிவிலும் கொஞ்சம் வெற்று இடைவெளியும் சேர்ந்து போகும். குழாய் மானிட்டர் காலத்தில் எலக்ட்ரான் கற்றை அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போக நேரம் வேண்டியிருந்தது, அந்தப் பழக்கம் இன்னும் தொடர்கிறது. வழக்கமான 1080, 60-இல் இடைவெளியோடு சேர்த்து 2200×1125. அதை 60-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 14 கோடியே 85 லட்சம் பிக்சல், அதாவது 148.5 மெகாஹெர்ட்ஸ். 170-க்குள் அடங்கிவிடுகிறது. 100 ஹெர்ட்ஸுக்கு, இடைவெளியை நன்றாகச் சுருக்கினாலும் 2080×1133 வருகிறது. 100-ஆல் பெருக்குங்கள், ஏறத்தாழ 23 கோடியே 56 லட்சம். 170 வரைதான் தாங்குவேன் என்று எழுதி வைத்திருக்கும் ஒன்றின் வாயில் 235-ஐத் திணித்தால் அது திணறாமல் என்ன செய்யும்?

திணிப்பது கஷ்டமே இல்லை. சிஆர்யு என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. மானிட்டர் சொல்வதை ஒதுக்கிவிட்டு நாம் எழுதிக் கொடுக்கும் ஈடிஐடியை விண்டோஸ் நம்பும்படி ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்ஸை வைத்திருக்கும் இடத்தில்) பதிந்துவிடும். இதைத்தான் ஓவர்ரைடு என்கிறார்கள். கருவியைக் குறை சொல்லவே மாட்டேன், நானே பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். 60 என்று விற்ற பல பேனல்கள் 75-இல் சிரமமில்லாமல் ஓடும். நடுவில் ஒரு மலிவான அடாப்டர் தகவலை விழுங்கிவிட்டு 1024×768-ஐக் காட்டும்போது அதுதான் காப்பாற்றும். ஆனால் அந்தப் பதிவு இருப்பது கம்ப்யூட்டரில், மானிட்டரில் அல்ல. அதனால்தான் அவர் செட்டாக மட்டுமே விற்றார், என் லேப்டாப்பைக் கிட்டவே விடவில்லை.

பேனல் உண்மையில் எத்தனை படம் போடுகிறது என்று பார்க்க யூஎஃப்ஓ டெஸ்ட் என்ற இணையதளத்தில் ஃபிரேம் ஸ்கிப்பிங் (படங்கள் விடுபடுகின்றனவா என்று பார்க்கும்) சோதனை இருக்கிறது. கட்டம் கட்டமாக ஒரு வெள்ளைச் சதுரம் நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு படத்துக்கு ஒரு கட்டம். போன் கேமராவை ப்ரோ மோடில் வைத்து ஷட்டரை 1/10 விநாடி ஆக்கி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸ் உண்மையென்றால் பத்துக் கட்டங்கள் விடுபடாமல் தொடர்ந்து வெளிச்சமாக இருக்கும். எனக்கு வந்த போட்டோவில் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது, ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு, அப்புறம் இரண்டு வெளிச்சம். பத்தில் ஆறு. நூறை வாங்கி அறுபதைக் காட்டிவிட்டு மீதி நாற்பதைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது மானிட்டர்.

ரெசல்யூஷனுக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு, சாஃப்ட்வேரே வேண்டாம். வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்து, திரை மீது ஸ்கேலைப் பிடித்து, போனின் மேக்ரோவில் நெருக்கமாக ஒரு போட்டோ எடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்தது ஒரு பிக்சல். ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை என்று எண்ணுங்கள். 27 இன்ச்சில் 1440 என்றால் 43 வாக்கில் வர வேண்டும், 1080 என்றால் 32. நான் மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் 32. எந்த ஓவர்ரைடாலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் புள்ளிகளைக் கூட்ட முடியாது.

இப்போது அந்த 'டிரைவர்'. இரண்டு ஃபைல் அனுப்பினார், ஒன்று இஎக்ஸ்இ, ஒன்று ஐஎன்எஃப். இஎக்ஸ்இ-யைத் தொடவே இல்லை, நீங்களும் இப்படி யாராவது அனுப்பினால் தொடாதீர்கள். ஐஎன்எஃப் வெறும் எழுத்து ஃபைல்தான், நோட்பேடில் திறந்தேன். நடுவில் 'ஈடிஐடி ஓவர்ரைடு' என்று ஒரு வரி, அதற்குப் பின்னால் நீளமாக எண்கள். சிஆர்யு-விலிருந்து ஏற்றுமதி செய்தால் இப்படித்தான் வரும். என்ன செய்தோம் என்று தானே எழுதி அனுப்பியிருக்கிறார் மனுஷன்.

அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஸ்கேல் போட்டோவோடும் பல் விழுந்த போட்டோவோடும் சேர்த்து அவருக்கே அனுப்பினேன். அதுவரை நீள நீளமாக வாய்ஸ் மெசேஜ் போட்டவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்கே தெரியாது சார், நான் வாங்கினப்பவே இப்படித்தான் இருந்துச்சு" என்றார். தெரியாமல்தான் அந்த ஃபைலைக் கையில் வைத்திருந்தாராம். இரண்டு வாரம் விடாமல் துரத்தியதில் மானிட்டரை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார். ஏற்றி இறக்கிய செலவு என்னுடையது. கம்ப்யூட்டரை நானே வைத்துக்கொண்டேன். சிஆர்யு-வோடு வரும் ரீசெட் ஃபைலை ஓட்டி ரீஸ்டார்ட் செய்து, கார்டின் கண்ட்ரோல் பேனலில் டிஎஸ்ஆரையும் அணைத்த பிறகு அது ஒழுங்காக ஓடுகிறது.

போன வாரம் அதே மானிட்டர் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. ஸ்டாண்டின் இடது மூலையில் உள்ள கீறலை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். 27 இன்ச், 1440, 100 ஹெர்ட்ஸ், ஒரு வருஷம் பழையது. வேறொரு கம்ப்யூட்டரோடு செட்டாக மட்டும்தான் கொடுப்பாராம். ஆதாரத்துக்கு இந்தத் தடவை 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' பக்கத்தையே ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கிறார். 'டெஸ்க்டாப் மோட்' வரிக்குக் கீழே படம் வெட்டப்பட்டிருக்கிறது.