‘வெளியான பிறகு பணம்’ என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

ரோல்பிளேயிங் கேம்களுக்கு (கதாபாத்திரமாக நடித்து ஆடும் விளையாட்டுகள்) ஃப்ரீலான்ஸாக எழுதுகிறவர்களுக்கும் போர்டு கேம் வடிவமைக்கிறவர்களுக்கும் இந்த எச்சரிக்கை. ஒரு சிறு பதிப்பகத்தின் விதிநூல் ஒன்றுக்காக வேலை செய்த நான்கு பேருக்கு நடந்ததை வைத்து எழுதுகிறோம். பதிப்பகத்தின் பெயர் இங்கே வராது. இதே ஒப்பந்த வாசகங்கள் வேறு பல லெட்டர்ஹெட்டிலும் சுற்றிக்கொண்டிருப்பதால் பெயரைவிட வாசகங்களைத் தெரிந்துகொள்வதுதான் பயன்.

ஆளுக்கு 12,000 சொற்கள், சொல் கணக்கில் கூலி. முதலில் அவுட்லைன், பிறகு முதல் வரைவு, பிளேடெஸ்ட் (ஆடிப்பார்த்துச் சோதித்த) குறிப்புகள் வந்ததும் ஒரு திருத்தம். நால்வரும் கெடு தவறாமல் கொடுத்துவிட்டார்கள். கிரவுட்ஃபண்டிங் (பொதுமக்களிடம் முன்கூட்டியே நிதி திரட்டும்) பக்கத்தில் நால்வர் பெயரையும் போட்டுப் பணமும் திரட்டியாயிற்று. புத்தகம்தான் வரவில்லை. முதலில் ஓவியரால் தாமதம் என்றார்கள், பிறகு அச்சகம், அதற்கும் பிறகு கப்பல் சரக்கு. கூலியைக் கேட்டால் ஒரே பதில்: “ஒப்பந்தப்படி, நூல் வெளியாகி 60 நாளில்.” இரண்டு ஆண்டு கழித்துப் புத்தகம் வந்தபோது ஒவ்வொருவர் பகுதியும் 7,000 சொற்களாக வெட்டப்பட்டிருந்தது. கூலியும் 7,000 சொற்களுக்குத்தான். வெட்டியதில் பெரும்பகுதி சில மாதங்களில் தனி பிடிஎஃப்பாக விற்பனைக்கு வந்தது. அதற்குக் காசும் கிடையாது, பெயரும் கிடையாது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதில் ஒப்பந்த மீறல் என்று காட்டக்கூடியது அநேகமாக எதுவும் இல்லை. நால்வரும் கையெழுத்திட்ட தாளில் நான்கு வரிகள் இருந்தன: கோப்பை ஒப்படைத்த கணமே எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கு, பணம் வெளியான பிறகு, கூலி ‘இந்நூலில் அச்சான சொற்களுக்கு’, வெளியிடுவதற்குக் காலக்கெடு இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வழக்கமான வரி போலத்தான் தெரியும். நான்கும் ஒரே தாளில் சேர்ந்தால், சரக்கு முழுவதும் அவர்கள் கையில், பணம் வரும் தேதியும் அவர்கள் கையில்.

இவற்றுள் முதலில் மாற்றவேண்டியது உரிமை எப்போது கைமாறுகிறது என்பதை. ‘ஒப்படைத்ததும்’ என்பதை அடித்துவிட்டு ‘முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதும்’ என்று எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு ஒத்துக்கொள்ளாத பதிப்பகத்திடம் மற்ற எதைப் பேசியும் புண்ணியமில்லை. பணம் தராமல் அச்சிட்டால் அது உரிமை மீறல் ஆகிவிடும் என்ற பயம் இருந்தால் இன்வாய்ஸ் தானாக நகரும்.

அடுத்தது, ‘வெளியான பிறகு’ என்பதை ‘ஏற்றுக்கொண்ட 30 நாளில்’ என்று மாற்றுவது. இங்கேயும் ஒரு பொறி உண்டு. எதை ஏற்பு என்பது? ‘நல்லா வந்திருக்கு, பார்த்துச் சொல்றேன்’ என்று எடிட்டர் அனுப்பும் மின்னஞ்சல் ஏற்பு ஆகாது. அதனால் ‘ஒப்படைத்த 30 நாளுக்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால் வேலை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்’ என்ற வரியும் வேண்டும். திருத்தம் எத்தனை சுற்று என்பதை எண்ணால் குறியுங்கள். அவுட்லைனை அவர்களே மாற்றினால் அது திருத்தம் அல்ல, புது வேலை. அதற்குப் புதுக் கூலி.

சொல் கணக்கு, கேட்ட அளவின் மீது இருக்கவேண்டும். 12,000 கேட்டார்கள், 10 விழுக்காடு கூடக்குறைய இருக்கலாம், அந்த வரம்புக்குள் கொடுத்த அத்தனைக்கும் பணம். எடிட்டர் பிறகு எவ்வளவு வெட்டினாலும் அது அவர் முடிவு. அட்டவணையும் விளையாட்டில் வரும் அரக்கர்களின் எண் விவரக் கட்டங்களும் கணக்கில் வருமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சொல் குறைவாகவும் நேரம் மிக அதிகமாகவும் பிடிப்பது அவைதான். வெட்டியதை வேறு இடத்தில் பயன்படுத்தினால் அதற்கும் பெயர் போடவேண்டும் என்பதையும் சேர்த்துவிடலாம்.

18 மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை திரும்பிவரும், அதுவரை பெற்ற பணம் நம்முடையதே என்ற வரியும், திட்டத்தைக் கைவிட்டால் குறைந்தது பாதித் தொகை என்ற வரியும் இல்லாத ஒப்பந்தம் முழுமையானது அல்ல. இரண்டாவதை கில் ஃபீ என்பார்கள். கேட்டால் யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள்.

புதிதாக வருகிறவர்கள் பயப்படுவதோ வேறு எதற்கோ: ஐடியாவைத் திருடிவிடுவார்கள் என்று. விளையாட்டின் இயங்குமுறைக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதிய விதிகளின் சொல்லாக்கத்துக்கும் ஓவியத்துக்கும்தான் உண்டு. ஐடியாவை வெளியில் சொல்லமாட்டோம் என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைக் கேட்டு அலைகிற நேரத்தில் கூலி ஒப்பந்தத்தைப் படிக்கலாம். மோனோபோலிக்கு முன்னோடியான ‘லேண்ட்லார்ட்ஸ் கேம்’ விளையாட்டை உருவாக்கி, அதற்கு 1904-இலும் 1924-இலும் காப்புரிமை (பேடண்ட்) வாங்கி வைத்திருந்த லிசி மேகியிடமிருந்து பதிப்பகம் திருடவில்லை. 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற அந்த விளையாட்டு நிறுவனம் 500 டாலருக்கு, ராயல்டி இல்லாமல், காப்புரிமையை முறைப்படி வாங்கியது. மோனோபோலியை அவர்கள் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே ஆண்டுதான்.

போர்டு கேம் ஒப்பந்தத்தில் ராயல்டி விழுக்காட்டைவிட, எதன் மீதான விழுக்காடு என்பதைப் பாருங்கள். பெட்டியின் விலை 100 என்றால் விநியோகஸ்தரிடமிருந்து பதிப்பகத்துக்கு வருவது ஏறத்தாழ 40. அதில் 6 விழுக்காடு 2.40. ‘செலவுகள் போக மிஞ்சும் தொகையில்’ என்று இருந்தால், சரக்குக் கூலி, கிடங்கு, விளம்பரம் எல்லாம் கழிந்து 15 மிஞ்சினால் 0.90. எதையெல்லாம் கழிக்கலாம் என்ற பட்டியல் ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டும். கணக்கைப் பார்க்கும் உரிமையும் வேண்டும்.

கிரவுட்ஃபண்டிங் பக்கத்தில் பெயரைப் போடுவது தனி ஆபத்து. 2012-இல் ‘த டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி’ என்ற போர்டு கேமுக்கு கிக்ஸ்டார்ட்டரில் 35,000 டாலர் கேட்டு 1,22,000-க்கு மேல் திரட்டினார்கள். அடுத்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. திரட்டிய பணத்தின் பெரும்பகுதி நடத்தியவரின் சொந்தச் செலவுக்குப் போனதாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டி, 2015-இல் உடன்பாட்டில் முடித்தது. விளையாட்டை உருவாக்கியவர்கள் வேறு, திட்டத்தை நடத்தியவர் வேறு. ஆனால் பக்கத்தில் தெரிந்ததும் ஆதரவாளர்களை ஈர்த்ததும் உருவாக்கியவர்களின் பெயர்கள். ஸ்ட்ரெட்ச் கோலில் (இலக்கைத் தாண்டிப் பணம் சேர்ந்தால் கூடுதலாகத் தருவதாகச் சொல்லும் வாக்குறுதி) ‘இன்னாரும் எழுதுவார்’ என்று போடுவதற்கு முன் கையெழுத்தான ஒப்பந்தமும் முன்பணமும் வந்திருக்கவேண்டும்.

பெயர் பற்றி இன்னொன்று. அட்டையில் பெயர் என்பது தானாக வந்த வழக்கம் இல்லை. 1988-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியில் 13 வடிவமைப்பாளர்கள், பெட்டியில் பெயர் போடாத பதிப்பகத்துக்கு விளையாட்டு தரமாட்டோம் என்று ஒரு பீர் கோஸ்டரில் (கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை) எழுதிக் கையெழுத்திட்டார்கள். உங்கள் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில், எந்தப் பக்கத்தில் வரும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் ஒப்பந்தம் உண்மையில் இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். மின்னஞ்சலில் ‘சரி, எழுது’ என்றதோடு வேலை தொடங்கிய இடங்கள் ஏராளம். அமெரிக்கச் சட்டப்படி, உரிமையாளர் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் இல்லாமல் பதிப்புரிமை முழுதாகக் கைமாறாது. அப்படி ஓர் ஆவணம் இல்லையென்றால் நீங்கள் எழுதியது இன்னும் உங்களுடையதாக இருக்கலாம். ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது வீணாகாது.

பிறகு ஒரே மின்னஞ்சலில் இன்வாய்ஸ்: நூலின் பெயர், பகுதியின் பெயர், சொல் எண்ணிக்கை, ஒப்படைத்த தேதி, தொகை, பணம் வரவேண்டிய கடைசி நாள். கோபமோ குறையோ அதில் வேண்டாம். கணக்குப் பிரிவு அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும்படி இருக்கவேண்டும். கெடு தாண்டினால் இரண்டாவது கடிதம்: இந்தத் தேதிக்குள் பணம் வராவிட்டால் பயன்படுத்தும் அனுமதி ரத்து. ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்கும்போது மட்டும் இதை எழுதுங்கள், இல்லாவிட்டால் வெற்று மிரட்டலாகிவிடும். உரிமை உங்களிடம்தான் என்பது உறுதியானால், பிடிஎஃப் விற்கும் தளத்துக்கே நீக்கல் கோரிக்கை அனுப்பலாம். ஒவ்வொரு வரைவையும் அனுப்பிய தேதியோடு தனிக் கோப்பாக வைத்திருப்பவர்களுக்கே அது எளிது. ஒரே பகிர்வு ஆவணத்தில் எழுதியவர்களுக்குப் பதிப்பகம் அணுகலை மூடிவிட்டால் காட்ட எதுவும் மிஞ்சாது. இன்றே ஒரு பிரதி இறக்கி வையுங்கள்.